கமா போட்டியா?

"அந்த இடத்துல கமா போட்டியா?"

ஓமலூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கை. கேட்ட பெண்ணுக்குப் பார்வை இல்லை. பக்கத்தில் பிளஸ் டூ முடித்த வயசில் ஒரு தம்பி, மடியில் பரீட்சை அட்டை. ஐந்து ரோடு சிக்னலில் வண்டி நிற்க, அவள் பொருளாதார விடை ஒன்றைச் சொல்லச் சொல்ல அவன் எழுதினான்.

"போட்டேன்க்கா."

"படிச்சுக் காட்டு."

அவன் படிக்க, இவள் கம்பியில் விரலால் தட்டி ஒவ்வொரு நிறுத்தத்தையும் சரிபார்த்தாள்.

பாடம் படிப்பது ஒரு வேலை. படித்ததை இன்னொருத்தர் கையால் தாளில் இறக்குவது தனி வேலை.

மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல், இப்படித் தேர்வு எழுதுபவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தரச் சொன்னது. மாணவரே ஸ்க்ரைபை, அதாவது சொல்லச் சொல்ல எழுதித் தருபவரை, கூட்டி வந்தால் அவர் மாணவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றது. 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று இல்லை என்பதற்காக மட்டும் ஸ்க்ரைபை மறுக்கக் கூடாது என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சரி, ஆளை யார் தேடுவது?

"போன செமஸ்டர் எழுதின பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, அதான் சித்தி பையனைப் பிடிச்சேன்" என்று சிரித்தாள். மற்றவர்கள் ரிவிஷன் பண்ணும் வாரத்தில் இவள் ஆள் தேடி போன் போட்டிருக்கிறாள்! ஹால் டிக்கெட் கொடுப்பதோடு கல்லூரியின் கடமை முடிந்துவிடுகிறதா என்ன?

கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளையே ஸ்க்ரைபாகக் கேட்கலாம். அவர்கள் முடித்திருப்பது பிளஸ் டூதானே, இளங்கலைத் தேர்வுக்கு அந்த ஒரு படிக் கணக்கு இடிக்காது. விருப்பமுள்ளவர்கள் பெயரையும் நம்பரையும் சேர்க்கையின்போதே எழுதி வைக்க, துறைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.