நவநாள் குறிப்புகள்

ஜூன் 1, 2025, ஞாயிறு

அந்தோணியார் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. அம்மா இல்லாத கொடியேற்றம். பக்கவாதத்தில் விழுந்தவளை வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். வெடிச் சத்தம் கேட்டதும் இடது கை நெற்றிக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

இன்றைக்கே இயேசுவின் விண்ணேற்றப் பெருவிழாவும். தூய ஆவி இறங்கிய பெந்தக்கோஸ்துக்கான நவநாள் செபமும் அந்தோணியார் நவநாளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. எங்கள் கோயில் பங்கில் சண்டை வரும் என்று மதினி இப்போதே சொல்கிறாள்.

ஜூன் 2, திங்கள்

அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. "ப... ப... தா" மட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

தங்கச்சி காலையிலேயே போன் போட்டாள். "சனிக்கிழமை ராத்திரி திருவிழிப்புக்கு அம்மாவைக் கூட்டிட்டு வாக்கா. ஆவியானவர் நாவைத் தொடுவார்." இரவில் விழித்திருந்து செபிக்கிற அதை அவளுடைய அருங்கொடைச் செபக்குழுதான் நடத்துகிறது. ஆவியின் தூண்டுதல் என்று புரியாத ஒலிகளிலும் செபிப்பார்கள். சாயங்காலம் அண்ணன் வந்தான். விழாக் குழுவில் இருக்கிறான். "திருவிழா மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அந்நியபாஷை பேச விடமாட்டோம். இதெல்லாம் நம்ம கோயில் வழக்கம் கிடையாது" என்றான்.

வழக்கம் இல்லையா? சின்ன வயதில் அம்மா எங்களை உவரி, புளியம்பட்டி அந்தோணியார் கோயில்களுக்கு எத்தனை செவ்வாய்க்கிழமை கூட்டிப்போனாள்! கோயில் முற்றத்தில் தலைவிரித்து ஆடி, "அந்தோணியாரே, சுடுதே" என்று கத்தின பெண்களை அண்ணனும்தான் பார்த்தான். பயந்துபோய் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தவன் அவன். கோடி அற்புதர் அந்தோணியாரிடம் போனால் சத்தம் பக்தி, செபக்குழுவில் என்றால் கூத்தா?

தங்கச்சியின் அருங்கொடை இயக்கமும் வெளியாட்களுடையது இல்லை. 1967 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கில் டுகேன் பல்கலைக்கழகத்துக் கத்தோலிக்க மாணவர்கள் தியானத்துக்குப் போன இடத்தில் தொடங்கியது. 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவர்களை உரோமையில் வரவேற்றுப் பேசினார். இதை அண்ணனிடம் சொன்னால் "நீயும் சேர்ந்துட்டியா" என்பான். சொல்லவில்லை.

ஜூன் 4, புதன்

செபக்குழுப் பெண்கள் வந்தார்கள். அம்மாவின் படுக்கையைச் சுற்றி நின்று ஒரு மணி நேரம் புகழ்ச்சி. அப்புறம் ஒருத்தி துணி துவைத்தாள், ஒருத்தி அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். இரவு முழுக்க இரண்டு பேர் இருந்தார்கள். நான் ரொம்ப நாள் கழித்து விடியும்வரை தூங்கினேன். பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற எங்கள் அன்பியத்திலிருந்து இதுவரை யாரும் இப்படி வந்து தங்கவில்லை.

ஆனால் அவர்களை நடத்தி வந்தவர் கிளம்பும்போது, அம்மாவின் தலைமாட்டில் தொங்கிய செபமாலையைப் பார்த்துச் சொன்னார்: "உதட்டுச் செபத்தால ஒண்ணும் ஆகாது சிஸ்டர். உள்ளத்திலிருந்து வரணும்."

அந்தச் செபமாலை அப்பா தங்கூசியில், நைலான் நரம்பில், கோத்துக் கொடுத்தது. நூலில் கோத்தது அறுந்து அறுந்து போனதால். மணிகளில் ஒரு பக்கம் தேய்ந்து மழுங்கிவிட்டது. உதடு மட்டும் செபித்தால் மணி தேயுமா?

ஜூன் 5, வியாழன்

எழுத வரவில்லை, கை நடுங்குகிறது. எழுதியே ஆக வேண்டும்.

தெருச் செபமாலை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. முதல் பத்து மணி முடிந்து இரண்டாவதில், உள்ளேயிருந்து குரல். அம்மா. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே..." பழைய செபம், அவள் சிறுமியாகப் படித்தது. கடைசி ஆமென் வரை ஒரு சொல் பிசகவில்லை. வாசலில் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். மதினி அழுதுவிட்டாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்து "அம்மா, என்ன வேணும் சொல்லு" என்றேன். பக்கத்தில் செம்பு. அதைப் பார்த்தாள். "ப... தா... ப..." என்றாள். தண்ணீர் என்று சொல்ல வரவில்லை.

ஜூன் 6, முதல் வெள்ளி

அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறவர் வந்தார். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்குச் செபம், பாட்டு, ஒன்று இரண்டு மூன்று, இப்படி மனப்பாடமானவை தங்குவது உண்டாம். புதிதாக ஒரு வாக்கியம் கட்டுவது வேறு வேலையாம். "அர்த்தம் தெரிஞ்சு சொல்றாங்களா?" என்று கேட்டேன். "அதை நாம எப்படி அளக்கிறது?" என்றார்.

பங்குச் சாமியார் நற்கருணை கொண்டுவந்தபோது திருவிழிப்பைப் பற்றிக் கேட்டேன். 2000 செப்டம்பரில் உரோமை ஓர் அறிவுறுத்தல் கொடுத்ததாம். பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் ஆன ராட்சிங்கர் கையெழுத்திட்டது. குணம் வேண்டிச் செபிப்பது நல்லது, ஆனால் அந்த வழிபாட்டைத் திருப்பலிக்குள் கலக்கக் கூடாது, வெறியும் நாடகத்தனமும் கூடாது. அதனால்தான் நாளைக்கு ஏழாம் திருவிழா திருப்பலி 6.30க்கு, திருவிழிப்பு 9 மணிக்கு என்று பிரித்திருக்கிறாராம். "கூட்டிட்டு வாங்க. குணமாகலைன்னா விசுவாசம் பத்தலன்னு யாராவது சொன்னா எங்கிட்ட சொல்லுங்க" என்றார்.

அர்த்தம் தெரிந்துதான் சொல்கிறாளா?

ஜூன் 7, சனி (நள்ளிரவுக்கு மேல்)

போனோம். அண்ணன்தான் அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் வைத்தான். உள்ளே வரவில்லை, கொடிமரத்தடியில் நின்றான்.

பாட்டு, கைதட்டல், சாட்சியம். எனக்கு அந்தக் கீபோர்டு சத்தம் பிடிக்கவில்லை, பிடிக்கவே இல்லை. பிறகு எல்லாரும் கைகளை உயர்த்தினார்கள். சொற்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து, ஆளுக்கொரு ஒலியாக, ஆனால் ஒரே சுருதியில், கூட்டம் முழுக்கப் பாடத் தொடங்கியது. நடுவில் அம்மா. "ப... ப... தா... ப..." சத்தமாக, தயங்காமல், இடது கையை உயர்த்தி.

நோய் வந்த நாளிலிருந்து அவள் வாயைத் திறந்தால் யாராவது முகம் வாடுவோம், அல்லது அவள் சொல்ல வந்ததை ஊகித்து முடித்துவைப்போம். இங்கே யாரும் திருத்தவில்லை. அவள் ஒலியும் மற்ற ஒலிகளோடு சேர்ந்து போனது. நானும் பாடினேன். என்ன பாடினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 8, பெந்தக்கோஸ்து

குணமாகவில்லை. தங்கச்சி மதியம் சாப்பிடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அண்ணனும் தங்கச்சியும் ஸ்பீக்கர் வாடகைக்குச் சண்டை. யார் கொடுப்பது என்று. அம்மா முன்னாலேயே.

விவிலியத்தில் திருத்தூதர் பணிகளைத் திரும்ப எடுத்துப் படித்தேன். இயேசு விண்ணேறிய பின் மேலறையில் சீடர்கள் ஆவிக்காகக் காத்திருந்த நாட்களை வைத்துத்தான் நவநாளே வந்தது என்பார்கள். 1897இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) பெந்தக்கோஸ்துக்கு முன் ஒன்பது நாள் செபிக்கும்படி திருச்சபை முழுவதையும் கேட்டார். மாதாவும் அந்த அறையில் இருந்தாள். இதை இவர்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்ட வேண்டும்.

இரவு கஞ்சி புரையேறியது. சரியாகிவிட்டது.

ஜூன் 11, புதன்

அம்மா மறுபடி "பிரியதத்தத்தினாலே" சொன்னாள். "எங்கள் மரண நேரத்திலும்" வந்தபோது என்னைப் பார்த்தாள். தெரிந்துதான் சொல்கிறாள்.

ஜூன் 12, வியாழன்

நாளை திருவிழா. காய்ச்சல் 101, நெஞ்சில் சளி இரைகிறது. கஞ்சி நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்கிறார்கள். சப்பரம் எங்கள் தெருவுக்கு வர ஒன்பதாகும், அதற்குள் கிளம்ப வேண்டும். தங்கச்சி வந்துவிட்டாள், அண்ணன் ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறான். செபமாலையை எடுத்து வைக்க