தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருடையது?

அரசு உதவி பெறும் சிறுபான்மையினர் பள்ளியில் தலைமையாசிரியர் ஓய்வு பெறும் காலம் நெருங்கினால், ஆசிரியர் அறையில் பணிமூப்புப் பட்டியல்தான் பேச்சாக இருக்கும். பட்டியலில் முதலாவதாக இருப்பவருக்கே அப்பதவி உரியது என்று பலரும் உறுதியாக நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினராக உள்ளோர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 30(1) உறுப்பு வழங்குகிறது. தலைமைப் பொறுப்புக்கு ஆளைத் தேர்வதும் அந்த நிர்வாக உரிமையில் அடங்குமா என்ற கேள்வி, கேரளத்தின் எம்ஜே உயர்நிலைப் பள்ளி வழக்கில் எழுந்தது. பொதுவாகப் பணிமூப்பின்படியே தலைமையாசிரியரை நியமிக்க வேண்டும் என்ற கேரளக் கல்வி விதியைக் காட்டி, மூத்த ஆசிரியர் ஒருவர் வழக்காடினார். பள்ளி முழுவதும் தலைமையாசிரியரைச் சுற்றியே இயங்குவதால், அவரைத் தேர்ந்தெடுக்கும் விரிந்த சுதந்திரம் இல்லாவிட்டால் நிர்வாக உரிமையே குறைந்துபோகும் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வித் தகுதியையும் பணி நிபந்தனைகளையும் வகுப்பதோடு அரசின் அதிகாரம் நின்றுவிடுகிறது.

2006-இல் மலங்கரை சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அரசு நிதியுதவி பெறுவதால் முதல்வரை நியமிக்கும் உரிமை பறிபோகாது என்றதோடு, உரிய தகுதி உள்ளவரை நிர்வாகம் தேர்ந்தெடுத்துவிட்டால் அத்தேர்வு சிறந்ததா, தேர்ந்த முறை சரியா என்று நீதிமன்றம் ஆராயாது என்றும் கூறியது.

இந்த உரிமையை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். ஒரு பள்ளியின் நோக்கத்தை உணராதவர் அதன் தலைமையில் அமர்ந்தால், பெயர்ப்பலகையில் மட்டுமே அந்த நோக்கம் மிஞ்சும். ஆனால், கேள்வி கேட்க நீதிமன்றமும் முன்வராத இடத்தில் தாளாளரின் பொறுப்பு பன்மடங்காகிறது. இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த ஆசிரியரைத் தாண்டி இளையவர் ஒருவரை நியமிக்கும்போது, மூத்தவரின் தகுதியும் பரிசீலிக்கப்பட்டதைத் தீர்மானக் குறிப்பில் எழுதி, அவரை நேரில் அழைத்துக் காரணத்தைச் சொல்லும் நிர்வாகம்தான் அந்த உரிமையை முறையாகப் பயன்படுத்துகிறது என்பேன்.

இவ்வுரிமையை எல்லையற்றது என்று எண்ணிவிடவும் கூடாது. மேற்கு வங்க மதரசாக்களுக்கு ஆணையத்தின் வழியே ஆசிரியர்களைத் தேர்வு செய்யும் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தை, உயர் நீதிமன்றம் செல்லாது என்ற பிறகும், 2020-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று அறிவித்தது. பொதுப் பாடங்களைக் கற்பிப்பதில் தரம் முதன்மையானது என்பது அதன் வாதம். தரத்தை உறுதிசெய்யத் தகுதி விதிகளே போதும் என்பதால், அத்தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

வரிசையில் தாண்டப்பட்ட ஆசிரியருக்கு ஒரு வழி இன்னும் திறந்தே இருக்கிறது: நியமிக்கப்பட்டவருக்கு விதிகள் கேட்கும் பட்டமும் அனுபவமும் இல்லையென்றால், அந்த நியமனத்தை அவர் தாராளமாக எதிர்க்கலாம்.