கர்சரும் கரண்ட் கட்டும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் இலைக் கணக்கைப் பார்த்துக்கொண்ட காலத்தில்தான் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் கர்சர், அதாவது வரிசைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் வசதி, எனக்குச் சரியாகப் பிடிபட்டது. சிறு விவசாயிகள் பச்சை இலையைக் கொண்டுவந்து போடுவார்கள். எடை போட்டு, மழை நாளென்றால் ஈரத்துக்குக் கொஞ்சம் கழித்து, ரசீது கொடுப்போம். விலை மாதம் முடிந்துதான் தெரியும். அதன்பின் ஒவ்வொருவர் கிலோவையும் விலையால் பெருக்கி, முன்பணமும் உரக்கடனும் பிடித்துக்கொண்டு மீதியைப் பட்டுவாடா செய்ய வேண்டும்.

எனக்கு முன் இருந்தவர் இதை முழுக்கக் கர்சரில் எழுதி வைத்திருந்தார். டிக்ளேர், ஓப்பன், அடுத்த வரிசையை எடுக்கும் ஃபெட்ச் நெக்ஸ்ட். அப்புறம் ஃபெட்ச் ஸ்டேட்டஸ் 0 ஆக இருக்கும்வரை, அதாவது வரிசை கிடைக்கும்வரை, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு வைல் லூப். முடிவில் க்ளோஸ், டீஅலொகேட். லூப்பின் அடியில் இன்னொரு ஃபெட்ச் நெக்ஸ்ட் வேண்டும். அது விட்டுப்போனால் முதல் ஆளின் கணக்கையே விடிய விடியப் போட்டுக்கொண்டிருக்கும். ஆபீஸ் கணக்கருக்கு இந்த முறை பிடித்திருந்தது. பேரேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவது போலத்தானே.

கர்சர் மெதுவானது என்று எல்லோரும் சொல்வார்கள். சில ஆயிரம் வரிசைகளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. எங்களுக்கு வந்த வினை வேறு. ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போனது, யு.பி.எஸ்ஸும் தாங்கவில்லை. "தம்பி, பாதிப் பேருக்கு ஏறியிருக்கு, மீதிப் பேருக்கு ஏறல" என்றார் கணக்கர். பல மாற்றங்களை ஒரே கட்டாகக் கட்டும் டிரான்ஸாக்ஷன் போடாத லூப்பில் ஒவ்வொரு அப்டேட்டும் தனித்தனியாகக் கமிட் ஆகி, நிலையாகப் பதிந்துவிடும். திரும்ப ஓட்டினால் முதல் பாதிக்கு உரக்கடன் இரண்டு தடவை பிடிபடும்.

லூப்பைச் சுற்றி பிகின் டிரான் போட்டு முழுவதையும் ஒரே டிரான்ஸாக்ஷன் ஆக்கலாம்தான். ஆனால் அது முடியும்வரை அந்தக் கணக்குகள் பூட்டியே கிடக்கும். கவுன்டரில் முன்பண என்ட்ரி போடுபவர் காத்திருக்க வேண்டும். அதனால் கிலோவைக் குரூப் பை போட்டு ஆள்வாரியாகக் கூட்டி, விலை அட்டவணையோடு ஜாயின் செய்து இணைத்து, பெருக்கலையும் பிடித்தத்தையும் ஒரே அப்டேட்டில் முடித்தேன். நடுவில் கரண்ட் போனாலும், சர்வர் மறுபடி எழும்போது மாற்றங்களை எழுதி வைக்கும் லாக் (log) பதிவேட்டைப் பார்த்து அரைகுறை வேலையை அதுவே பின்வாங்கிவிடும். ஒன்று எல்லோருக்கும் ஏறும், இல்லையென்றால் யாருக்கும் ஏறாது. பாஸ்புக்கில் வரிக்கு வரி இருப்புக் காட்டவும் லூப் தேவைப்படவில்லை. 2012 பதிப்பிலிருந்து சம் ஓவர் என்ற கூட்டல் கட்டளையில் வரிசை முறையைச் சொல்லும் ஆர்டர் பை போட்டாலே ஓடும் கூட்டல் வந்துவிடுகிறது.

சி, விஷுவல் பேசிக் படித்துவிட்டு வருபவர்களுக்குக் கர்சரை முதலில் சொல்லித் தரக் கூடாது என்பது என் கட்சி. லூப் கைக்குப் பழகியது. கர்சர் கிடைத்துவிட்டால் ஜாயின் பக்கமே போக மாட்டார்கள்.

ஆனாலும் ஒரு கர்சரை வைத்துக்கொண்டேன். பட்டுவாடாத் தொகையை எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஸ்டோர்ட் ப்ரொசீஜரை, அதாவது சர்வரிலேயே எழுதி வைத்த நிரலை, ஆளுக்கு ஒரு தடவை அழைக்க வேண்டும். அதற்கு முன்னோக்கி மட்டும் படித்துப் போகும் லோக்கல் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் கர்சர் போதும். அனுப்பியதும் அந்த வரிசையில் ஒரு குறி விழும். இங்கே தனித்தனியாகக் கமிட் ஆவதே வசதி. கரண்ட் போய் வந்தால், குறி விழாதவர்களை மட்டும் எடுத்து மறுபடி ஓட்டலாம். ஓரிருவருக்கு இரண்டு தடவை எஸ்.எம்.எஸ். போனால் போகட்டும், பணம் ஒரு தடவைதான் போகும்.