எட்டேமுக்கால் பாகை வானத்துக்கு ஒரு 70 மி.மீ. தொலைநோக்கி

பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் துருவ நட்சத்திரம் தெரியாது. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்துக்கொள்ளும். திருநெல்வேலியின் அட்சரேகை சுமார் 8.7 பாகை; துருவ மீனும் தொடுவானிலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதற்குள் அடங்கிவிடும். தொலைநோக்கி தேடத் தொடங்கியபோது இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. லென்ஸ் எத்தனை மி.மீ., எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையில் இருந்தது பன்னிரண்டாயிரம் ரூபாய். அந்தத் தொகைக்கு ரிஃப்ராக்டரில், அதாவது லென்ஸால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கியில், இரண்டு வகை கண்ணில் பட்டன. ஒன்று 80 மி.மீ. லென்ஸும் 400 மி.மீ. குவியத் தூரமும் உள்ள குட்டைக் குழாய். மற்றது 70 மி.மீ., 700 மி.மீ. நீளக் குழாய். குவியத் தூரத்தை லென்ஸின் அகலத்தால் வகுத்தால் வருவது எஃப் எண்: குட்டை எஃப்/5, நீளம் எஃப்/10. இந்த விலையில் கிடைப்பவற்றில் இரண்டு கண்ணாடி சேர்ந்த அக்ரோமேட் லென்ஸ்தான் இருக்கும். அது எல்லா நிறத்தையும் ஒரே புள்ளியில் குவிக்காது. நிலாவின் விளிம்பிலும் வியாழனைச் சுற்றியும் ஊதா கசியும். எஃப் எண் குறையக் குறைய இந்தக் கசிவு கூடும். எனக்கு வேண்டியது நிலாவும் கிரகங்களும் இரட்டை மீன்களும். அதனால் 70/700 என்று முடிவு செய்தேன். கார்த்திகைக் கூட்டம் மாதிரி அகலமாக விரிந்ததைப் பார்க்க ஆசைப்படுகிறவர் 80/400 வாங்கலாம், தப்பில்லை.

அப்புறம் மவுண்ட், குழாயைத் தாங்கித் திருப்புகிற பகுதி. நண்பர் ஒருவரிடம் இதே 70/700 ஈக்வடோரியல் மவுண்டோடு இருந்தது. ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி மாடியில் வைத்துப் பார்த்தேன். அதன் அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். டெல்லிக்காரருக்கு 28 பாகைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் அச்சு, நமக்குப் படுத்தே கிடக்கிறது. அப்படிப் படுக்க வைத்ததும் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடித்தது. காலைத் திருப்பி வைத்தால் வேறொரு பக்கம் இடித்தது. குறி வைக்கத் துருவ மீனும் கண்ணில் படவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, மேல்கீழாகவும் இடவலமாகவும் மட்டும் திரும்பும் ஆல்ட்-அசிமத் மவுண்ட் வைத்ததை 8,500 ரூபாய்க்கு வாங்கினேன்.

பெட்டியின் மேல் ‘525 மடங்கு’ என்று போட்டிருந்தது. உள்ளே கண்ணை வைத்துப் பார்க்கும் 4 மி.மீ. ஐபீஸும், அது காட்டுவதை மூன்று மடங்காக்கும் பார்லோவும் இருந்தன. 700ஐ நான்கால் வகுத்தால் 175, அதை மும்மடங்காக்கினால் 525, கணக்கு சரிதான். ஆனால் லென்ஸின் ஒரு மி.மீ.க்கு இரண்டு மடங்கு, அதாவது 140ஐத் தாண்டினால் படம் பெரிதாகி மங்குமே தவிர புதிதாக ஒன்றும் தெரியாது. அந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டேன். 25 மி.மீ. ஐபீஸ் நல்லது, 28 மடங்கு காட்டுகிறது. கூடவே ஐபீஸில் திருகிப் போடும் சூரிய ஃபில்டர் ஒன்றும் வந்தது. அதை அன்றைக்கே உடைத்துக் குப்பையில் போட்டேன். குவிந்த வெயிலின் சூட்டில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரியனுக்கான ஃபில்டர் குழாயின் முன்வாயில், லென்ஸுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தச் சின்னக் கறுப்புக் கண்ணாடி கிடக்கவே கூடாது.

2026 ஜனவரி 10, மார்கழி 26. சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வியாழன் வந்த இரவு. ஒன்பது மணிக்குக் கிழக்கே சௌகரியமான உயரத்தில் இருந்தது; பெரிய நிலாக்கள் ஒரே கோட்டில் கோத்த மாதிரி பளிச்சென்று தெரிந்தன. நடு இரவை நெருங்கியபோது உச்சிக்குப் போய்விட்டது. சிக்கல் அங்கேதான். கூட வந்த, ஒளியை ஐபீஸுக்குத் திருப்பிவிடும் 45 பாகை பிரிசத்தில் பார்க்கத் தரையில் முட்டிபோட்டுக் கழுத்தைப் பின்னால் மடக்க வேண்டியிருந்தது. பிரிசம் வேறு, வியாழனுக்குக் குறுக்கே மெல்லிய ஒளிக்கோடு ஒன்றை இழுத்தது. இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் குழாயின் வால் முக்காலியில் முட்டியது. நம் ஊரில் எந்த ராசியும் உச்சம் வரும்போது 58 பாகைக்குக் குறையாமல் ஏறிவிடும். உயர ஏற ஏற இடையில் இருக்கிற காற்று குறையும், படம் தெளியும். அந்த நல்ல நேரத்தில்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அதனால் மீதிப் பணத்தை லென்ஸில் போடாமல் இதில் போட்டேன். முதலில், பிரிசத்துக்குப் பதிலாகக் கண்ணாடி வைத்த 90 பாகை டயகனல், 1,400 ரூபாய். நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால் போதும். இடவலம் மாறித் தெரியும். ரெண்டு நாளில் பழகிவிடுகிறது. அடுத்து, முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே வைக்க ஒரு குழாய். லேத் பட்டறை அண்ணாச்சியிடம் படம் வரைந்து காட்டினேன்.

“இதுக்கு மேல என்னத்த வைக்கப் போறீய?”

“டெலஸ்கோப்பு, அண்ணாச்சி. தொட்டா ஆடக்கூடாது.”

“அப்ப மெல்லிசு பைப்பு ஆகாதுல்லா. கனமானதாப் போட்டுருவோம்.”

ஒன்பது அங்குலத்துக்கு வெட்டி, இரு முனையிலும் தட்டு வைத்துப் பற்றவைத்து, 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். வால் முட்டுவது நின்றது. ஆட்டம் மட்டும் மீதி. ஃபோகஸ் திருகைத் தொட்டால் வியாழன் ஐந்து வினாடி நடுங்கியது. முக்காலியின் கால்களை நீட்டாமல் வைத்து, நடுத் தட்டிலிருந்து மஞ்சப்பையில் மூன்று செங்கல் தொங்கவிட்டேன். நடுக்கம் இரண்டு வினாடிக்குள் அடங்குகிறது. இவ்வளவு பலன் தந்த செலவு வேறெதுவும் இல்லை, அதற்குச் செலவே ஆகவில்லை.

கடைசியாக 6 மி.மீ. ஐபீஸ், 1,700 ரூபாய். சுமார் 117 மடங்கு. வியாழனின் இரண்டு பட்டைகள் பழுப்பு நிறத்தில், பென்சிலால் கோடு போட்ட மாதிரி நின்றன. பக்கத்திலேயே புனர்பூசத்தின் இரண்டு மீன்களில் ஒன்றான காஸ்டர். வெறுங்கண்ணுக்கு ஒன்று, இதில் இரண்டாகப் பிரிந்து, ஒட்டாமல், நடுவே ஒரு நூல் இருட்டோடு தெரிந்தது. 70 மி.மீ. லென்ஸ் 1.7 விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை) இடைவெளிவரை பிரிக்கும் என்பது கணக்கு. காஸ்டரின் இடைவெளி ஐந்து விகலைக்கு மேல். கணக்கு தெரிந்தும் அன்று ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

பங்குனி பிறந்து, அமாவாசையை ஒட்டி, களக்காட்டுக்குப் பக்கத்தில் ஆச்சி வீட்டுக்கு எடுத்துப் போனேன். இரவு இரண்டு மணி வாக்கில் தெற்கே ஒமேகா சென்டாரி உச்சத்துக்கு வந்தது. தொடுவானிலிருந்து 34 பாகை உயரம். பல லட்சம் விண்மீன்கள் திரண்ட கோளக் கொத்து. லண்டனில் இருக்கிறவருக்கு அது தொடுவானுக்கு மேலே வருவதே இல்லை. 25 மி.மீ. ஐபீஸைப் போட்டு ஆச்சியை எழுப்பிக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். கொஞ்சம் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னேன்.

“பஞ்சைப் பிச்சுப் போட்ட மாதிரில்லா கெடக்கு!”

புரை எடுத்த கண்ணால் ஒரு தரம், மற்ற கண்ணால் ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் திரும்பவும் புரை எடுத்த கண்ணை வைத்தாள்.