பாண்டி பீச்சுல மணல் வந்துருச்சு சரி, வடக்கால என்ன நடக்குது?

80கள் கடைசில தேங்காய்த்திட்டு பக்கம் துறைமுகத்துக்காக கல்லு கொட்டி கடலுக்குள்ள தடுப்பு கட்டுனாங்க, அதுக்கப்புறம் பாண்டி பீச்சுல மணலே இல்லாம வெறும் பாறாங்கல்லுதான் கெடந்துச்சு, 2018ல என்ஐஓடி (தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்) விஞ்ஞானிங்க தலைமைச் செயலகம் எதிர்ல தண்ணிக்கு அடியில இரும்புல ஒரு செயற்கைத் திட்ட எறக்குனாங்க, மணல் திரும்ப சேந்துச்சு. ரொம்ப நல்ல வேலை அது. ஆனா அதே கரையோரமா கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம்னு போய்ப் பாருங்க, வீட்டு வாசல்ல அலை அடிக்குது.

சோழகக் காத்து, அதாவது தெக்கத்திக் காத்து அடிக்கிற மாசமெல்லாம் அலை மணல தெக்க இருந்து வடக்க தள்ளிட்டுப் போகும், வாடைக் காத்துல கொஞ்சம் திரும்பி வரும், கழிச்சுப் பாத்தா வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் வடக்கதான் போகுது. நடுவுல கல்ல போட்டா தெக்கால மேடு, வடக்கால அரிப்பு. இது குப்பத்துல சின்னப் பசங்களுக்கே தெரியும்.

நம்ம ஆராய்ச்சி எங்க நிக்குதுன்னா, மேல இருந்து பாக்கறதுல அசத்தறோம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படமெல்லாம் 2008ல இருந்து ஓசி, சென்டினல்-2 செயற்கைக்கோள் அஞ்சு நாளைக்கு ஒருக்கா படம் எடுக்குது, 2025 ஜூலைல ஸ்ரீஹரிகோட்டால இருந்து நிசார் ரேடார் செயற்கைக்கோள் வேற போயிருக்கு. 1990ல இருந்து 2018 வரைக்கும் பாத்து இந்தியக் கரையில மூணுல ஒரு பங்கு அரிச்சுட்டு இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஆனா படத்துல தெரியறது கரைக்கோடு மட்டும்தான், தண்ணிக்கு அடியில எவ்ளோ மணல் கெடக்கு, ஆறு எவ்ளோ கொண்டு வந்து போடுதுங்கறது அதுல வராது.

ஃபெஞ்சல் புயலப்போ சாத்தனூர் அணையில இருந்து நொடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல தொறந்து விட்டாங்க, தென்பெண்ணை கடலூர ஒரு வழி பண்ணிருச்சு. தண்ணிக்கணக்கு மணிக்கு மணி நியூஸ்ல வந்துச்சு, மணல் கணக்கு ஒரு தடவ கூட வரல. தண்ணில கலங்கி வர்ற வண்டல பாட்டில்ல புடிச்சு அளந்துடலாம், ஆத்துக்கு அடியில உருண்டு வர்ற மணல அளக்கறதுதான் உலகம் பூரா இன்னும் கஷ்டமான வேலையா இருக்கு. ஆனா கரைக்குச் சோறு போடறதே அந்த மணல்தான், அதுல பாதி அணைக்குப் பின்னாடி தங்குதா, லாரில போகுதான்னு தெரியாம எந்த கம்ப்யூட்டர் மாடல ஓட்டி என்ன பண்றது?

கடலூர் தேவனாம்பட்டினம் பீச்சுல புயலுக்கப்புறம் மணல கையால ஒரு முழம் தோண்டிப் பாருங்க, நடுவுல கருப்பா மெல்லிசா ஒரு பட்டை ஓடும். லேசான மணல அலை இழுத்துட்டுப் போய்ட்டு, இல்மனைட், கார்னெட்னு கனமான தாதுமணல விட்டுட்டுப் போன எடம் அது, அதுக்கு மேல இருக்கற மணலெல்லாம் அப்புறமா வந்து சேந்தது.

எனக்கு ஆசை என்னன்னா, கடலூர்லயும் பாண்டிலயும் இருக்கற காலேஜ் பசங்க அமாவாசைக்கு அமாவாசை கரைய அளக்கணும். பெரிய மெஷின் வேணாம், எமரின்னு ஒருத்தர் 1961லயே ஒரு வழி சொல்லிட்டாரு: அளவு போட்ட ரெண்டு கம்ப கொஞ்ச தூரம் தள்ளி நட்டு, கடல் பக்கத்துக் கம்பு நுனியையும் அடிவானத்தையும் ஒரே கோட்டுல வெச்சுப் பாத்தா கரை எவ்ளோ சரியுதுன்னு நம்ம பக்கத்துக் கம்புல படிச்சுடலாம். கூட குப்பத்துப் பெரியவங்க ஒருத்தரையும் கூட்டிட்டுப் போங்க, அவரு சொல்றதையும் தேதியோட எழுதி வைங்க. புராஜெக்ட் பணம் மூணு வருஷத்துல முடிஞ்சுரும், இந்த நோட்டு மட்டும் அடுத்த பேட்ச் கைக்குப் போய்ட்டே இருக்கணும்.