600 டாலருக்குள் ஒரு த்ரீ நாட் த்ரீ

திருச்சியில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், என்.சி.சி. முகாமில் ஒரு மாலை முழுக்க த்ரீ நாட் த்ரீ (.303 லீ-என்ஃபீல்ட்) துப்பாக்கிகளைத் துடைத்தோம். சுடக் கொடுத்தது என்னவோ சின்ன ரகமான பாயின்ட் டூ டூதான், ஆளுக்கு 5 தோட்டா. ஆனால் மனதில் ஒட்டிக்கொண்டது அந்தப் பெரிய துப்பாக்கி. ஏறக்குறைய 4 கிலோ எடை, எண்ணெய் ஊறிய மரம், போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டைத் தள்ளி மடக்கும்போது வரும் அந்த வழவழப்பு. ஊரில் அதைச் சொந்தமாக வாங்க வழியில்லை. பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம் அது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு விடை கொடுத்தது. அவ்வளவு நாள் உழைத்த துப்பாக்கி.

இப்போது நான் இருப்பது ஒஹாயோவில். ஹெச்-1பி விசாவில் இருந்த வருடங்களில் இந்த ஆசையைப் பேசவே இல்லை. அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாகவே குற்றம். வேட்டை உரிமம் எடுத்தால் விலக்கு உண்டு என்று நண்பர்கள் சொன்னார்கள்; எனக்கு அந்த வழியில் போகப் பிடிக்கவில்லை. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட ஆரம்பித்தேன். எல்லாச் செலவும் சேர்த்து 600 டாலர், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

முதலில் பார்த்தது அமெரிக்க ராணுவத்தின் பழைய எம்1 கேரண்ட். சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு அதை விற்கிறது. எங்கள் மாநிலத்தில் போர்ட் கிளின்டனில் அவர்கள் இடம் இருக்கிறது. ஆனால் அவர்களிடம் வாங்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அதோடு அந்தக் கதவு மூடிவிட்டது. ரஷ்யாவின் மோசின் நாகன்ட் ஒரு காலத்தில் 100 டாலருக்குக் கீழே, பீப்பாயில் சொருகி வைத்து விற்ற சரக்கு. அந்தக் காலம் மலையேறிவிட்டது. எப்படியும் எனக்கு வேண்டியிருந்தது த்ரீ நாட் த்ரீதான், அதிலும் கல்கத்தா பக்கத்து ஈசாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. இங்கே ஈசாப்பூர் துப்பாக்கிக்கு இங்கிலாந்தில் செய்ததைவிடப் பொதுவாக மவுசு குறைவு, விலையும் குறைவு. எனக்கு அது இரட்டிப்பு லாபம்.

முதல் முயற்சியில் அடி வாங்கினேன். இணைய ஏலத்தில் ஒன்றைப் பிடித்தேன். குழலின் உட்புறம் நன்றாக இருக்கிறது என்று விற்றவர் எழுதியிருந்தார். இங்கே துப்பாக்கி நேராக நம் வீட்டுக்கு வராது; உரிமம் பெற்ற உள்ளூர் கடைக்கு வரும், அங்கே போய்ப் படிவம் நிரப்பி வாங்க வேண்டும். கடையில் போல்ட்டை உருவிவிட்டுச் சின்ன விளக்கைப் பின்பக்கம் வைத்து முன்வாயில் கண் வைத்தேன். நெஞ்சு அடைத்துப் போனது. உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்களே சரியாகத் தெரியவில்லை, அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள். பழைய ராணுவத் தோட்டாவின் பிரைமர், அதாவது தீ மூட்டும் மருந்து, உப்பை விட்டுப் போகும். சுட்ட அன்றே தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் குழல் இப்படித்தான் ஆகும். போல்ட்டில் ஒரு எண், உடலில் வேறு எண்; அதாவது போல்ட் வேறொரு துப்பாக்கியுடையது. படிவத்தில் கையெழுத்துப் போடாததால் தப்பித்தேன். போட்டு, துப்பாக்கியைக் கையில் வாங்கியிருந்தால் பெரும்பாலும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அனுப்பும் கூலியும் கடைக்காரர் கட்டணமும் சேர்த்து 45 டாலர் போனது.

மிச்சம் 555. அதில் 68 டாலருக்கு ஹெட்ஸ்பேஸ் பார்க்கும் அளவுக்கட்டை இரண்டு வாங்கினேன். துப்பாக்கியே இல்லாதபோது இது எதற்கு என்று வீட்டில் கேட்டாள். கேள்வி நியாயம்தான், ஆனால் இந்த 68 டாலரைத்தான் நான் செய்த நல்ல செலவு என்பேன். த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்குப் பின்னால் தடித்த விளிம்பு உண்டு. அந்த விளிம்பு உட்காரக் குழலின் பின்முனைக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே எவ்வளவு இடம் என்பதுதான் ஹெட்ஸ்பேஸ். 0.064 அங்குலக் கட்டையைப் போட்டால் போல்ட் மூட வேண்டும். 0.074 அங்குலக் கட்டையைப் போட்டால் மூடக் கூடாது. மூடினால் அந்தத் துப்பாக்கியைச் சுடாதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. இடம் அதிகமானால் பித்தளை ஓடு கிழிந்து, சூடான வாயு கண்ணுக்கு நேரே திரும்பலாம்.

நான்கு மாதம் காத்திருந்தேன். உள்ளூர்க் கடை ஒன்றில், காலமான ஒரு பெரியவரின் சேகரிப்பை விற்பனைக்கு வைத்திருந்தார்கள். கண்ணாடி அலமாரியில் இல்லை, மூலையில் சாத்தி வைத்திருந்தது. கைப்பிடிப் பக்கத்து இரும்பில் கிரீடம், கீழே ஜி.ஆர்.ஐ., ஈசாப்பூர், 1943, நம்பர் 1 மார்க் 3 நட்சத்திரம் என்ற மாடல் பெயர். கிரீடமும் ஜி.ஆர்.ஐ.யும் பேரரசர் ஜார்ஜின் முத்திரை. சுதந்திரத்துக்குப் பிறகு செய்தவற்றில் அந்த இடத்தில் அசோகச் சிங்கம் இருக்கும். குழலுக்குக் கீழே இருக்கும் மரமான முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு. மரம் பிளக்காமல் இருக்க இந்தியாவில் போட்டது. குழலில் பொடி எழுத்தில் இறக்குமதியாளர் முத்திரை. சேகரிப்பவர்கள் அதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், விலையும் இறங்கும். சுடுவதற்கு வாங்குகிறவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

விளக்கு வைத்துப் பார்த்தேன். கறுத்திருந்தது, ஆனால் வரிகள் கூர்மை. எண்கள் பொருந்தின. சிறிய அளவுக்கட்டைக்கு போல்ட் மூடியது, பெரியதற்கு நின்றது. 400 கேட்டார்கள், 360-க்கு முடிந்தது, வரியோடு 386.

பிறகு 4473 படிவம். குடியுரிமை இல்லாதவர் கிரீன் கார்டில் உள்ள ஏ எண்ணை (ஏலியன் பதிவு எண்) தவறாமல் எழுத வேண்டும். அடையாள அட்டையில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். கடைக்காரர் எஃப்.பி.ஐ. சரிபார்ப்புக்கு அனுப்பினார். பதில் மூன்று விதமாக வரும்: கொடுக்கலாம், காத்திருக்கவும், கூடாது. எனக்குக் காத்திருக்கவும். முகம் வாடியதைப் பார்த்துக் கடைக்காரர், வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு இது சகஜம், குடியேற்றப் பதிவையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்று ஆறுதல் சொன்னார். இரண்டு நாளில் அனுமதி வந்தது.

வீட்டில் ஒரே நிபந்தனைதான். “பாப்பா இருக்குற வீடுங்க. பெட்டி வராம அது வாசப்படி ஏறக் கூடாது.” சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி முதலில் வந்தது, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. அந்தச் செலவை வீட்டுக் கணக்கில் ஏற்றிக்கொண்டாள்.

துப்பாக்கியின் இடுக்கெல்லாம் காஸ்மோலின், துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் பிசின் போன்ற கிரீஸ். கழற்றும்போது ஒன்றை மறக்கவே கூடாது: முன்கட்டை கழன்ற பிறகுதான் தோளில் சாத்தும் பின்கட்டையைத் தொட வேண்டும். பின்கட்டைக்குள் ஓடும் நீளத் திருகின் சதுர முனை, முன்கட்டையில் இருக்கும் ஒரு தகட்டில் பூட்டிக்கொண்டிருக்கும். தெரியாமல் திருகினால் மரம் பிளந்துவிடும். என் துப்பாக்கியிலும் யாரோ திருகியிருக்கிறார்கள். முன்கட்டையின் பின்முனையில் மயிரிழை விரிசல், அதில் பழைய பசை. ஆனால் உள்ளே, சுடும்போது உதையைத் தாங்கும் இரண்டு மரத்தோள்களும் நசுங்காமல் இருந்தன. அவை நசுங்கியிருந்தால் குறி நிற்காது. மரத்தைக் கறுப்பு குப்பைப் பையில் சுற்றி ஆகஸ்ட் வெயிலில் காருக்குள் வைத்தேன். மாலையில் பையைத் திறந்தால் பழுப்பாக வியர்த்திருந்தது. துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க மூன்று நாள். இரும்புக்கு மினரல் ஸ்பிரிட்ஸ், மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய். இரண்டும் வீட்டு மரவேலைக்கு வாங்கியது மீதமிருந்தது.

தோட்டாவுக்கு மிச்சம் பிடிக்கப் பழைய ராணுவச் சரக்கைத் தேடவில்லை. செர்பியாவின் ப்ர்வி பார்ட்டிசான், புதுசு, 20 கொண்ட பெட்டி மூன்று, 96 டாலர். உப்புப் பயம் கிடையாது, ஓட்டில் மறுபடி மருந்து நிரப்பியும் சுடலாம். ஆக, 600-இல் 5 டாலர் மிச்சம்.

சுடுதளத்தில் முதல் பத்து நிமிடம் போல்ட் முன்னே போகவே மறுத்தது. ஒரு தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. மேலே வைப்பதன் விளிம்பு எப்போதும் முன்னால் நிற்க வேண்டும். வெளியே எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினேன். குறிபார்க்கும் பின்பக்கக் காட்டியான பேக்சைட் 200 கெஜத்தில்தான் தொடங்குகிறது என்பதால் 100 கெஜத் தட்டியில் எல்லாம் மேலே ஏறிப் பட்டன. கறுப்பு வட்டத்தின் அடிக்குக் கீழே குறியை இறக்கினேன். அடுத்த ஐந்தும் என் உள்ளங்கை மறைக்கும் இடத்துக்குள் விழுந்தன. பொறுக்கிய ஓடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட விரிசல் இல்லை.