ஆறு மாத மருந்துச் சீட்டிலிருந்து ஊதும் பரிசோதனை வரை

எங்கள் பக்கம் ஒரு பிள்ளை விடாமல் இருமினால் டாக்டருக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர்களே சொல்லிவிடுவார்கள்: "பிரைமரி காம்ப்ளக்ஸா இருக்கும், பாருங்க." பிள்ளைகளுக்கு வரும் காசநோயை (டிபி) இங்கே அப்படித்தான் சொல்வார்கள். என் மகளுக்கு ஏழு வயது. சளி பிடித்தால் சளி போய்விடும், இருமல் மட்டும் வாரக்கணக்கில் நிற்கும். பகலில் ஒன்றும் தெரியாது, விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துகொண்டு இருமுவாள். காரைக்குடியில் ஒரு கிளினிக்கில், டிபி கிருமி உடம்பில் வந்திருக்கிறதா என்று பார்க்கத் தோலில் போடும் மாண்டூ ஊசி போட்டு, எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். ஊசி போட்ட இடம் சிவந்திருந்தது. 'பாசிட்டிவ்' என்று எழுதி ஆறு மாத மருந்துக்குச் சீட்டும் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் யாரும் அதற்குக் கலங்கவில்லை. ஆறு மாதம், அதோடு தொல்லை தீர்ந்தது என்று ஒரு நிம்மதி. என் நாத்தனார் மட்டும் விடவில்லை. மதுரையில் நர்ஸாக இருக்கிறார். "மருந்தை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை இங்க காட்டிருங்க அண்ணி" என்று குழந்தைகள் நுரையீரல் டாக்டர் ஒருவரிடம் நேரம் வாங்கிவிட்டார்.

அந்த டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது, "வீக்கம் எத்தனை மில்லிமீட்டர்?" ஃபைலில் அளவே இல்லை. மாண்டூவில் சிவப்பு கணக்கில் வராதாம். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் விரலால் தடவிப் பார்த்து, கெட்டியாகத் தடித்திருக்கும் இடத்தை மட்டும் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். பொதுவாக 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால்தான் பாசிட்டிவ். அப்போதும் கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறது என்றுதான் பொருள், நோய் இருக்கிறது என்று அது ஒன்றை வைத்துச் சொல்ல முடியாது.

அப்புறம் கேள்விகள். வீட்டில், பள்ளி வேனில், டியூஷனில் யாருக்காவது டிபி உண்டா? சாயங்காலக் காய்ச்சல் உண்டா? எடை குறைந்திருக்கிறதா, ஏறாமல் நிற்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை. ஓடினால் இருமுகிறாளா, விழுந்து விழுந்து சிரித்தால் இருமுகிறாளா? ஆமாம். ராத்திரி இருமலை நான் செல்ஃபோனில் எடுத்து வைத்திருந்தேன். காதில் வைத்துக் கேட்டார், இரண்டாம் தடவை ஒலியைக் கூட்டிக் கேட்டார். மூச்சை வெளியே விடும்போது மெல்லிய விசில் சத்தம் வந்தது. ஸ்டெதாஸ்கோப்பில் அப்போது நெஞ்சு சுத்தமாக இருந்ததால் அந்த வீடியோ பெரிய உதவி. பிள்ளையை டாக்டரிடம் காட்டும் நேரத்தில் இருமல் எப்போதும் ஒளிந்துகொள்ளும், எடுத்து வையுங்கள்.

"குடும்பத்தில் யாருக்காவது மூச்சு இளைப்பு?" என்று கேட்டதும் நான் இல்லையென்று தலையாட்டினேன். கூட வந்திருந்த அயித்தை சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு, "அவுக ஐயாவுக்கு இருந்துச்சு" என்றார். கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் எனக்கே அது தெரியாது. பொம்பளப்பிள்ளைக்கு இளைப்பு என்று வெளியே தெரிந்தால் நாளைக்குப் பெண் கேட்டு வருபவர்கள் யோசிப்பார்கள் என்பது அவர் பயம். ஆறு மாத மருந்தை வீடே அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டதில் இதுவும் சேர்ந்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டிபியையும் விட்டுவிடவில்லை. இந்த வயதுப் பிள்ளைகள் சளியைக் காறித் துப்ப மாட்டார்கள், விழுங்கிவிடுவார்கள். அதனால் ராத்திரி வெறும் வயிற்றோடு வைத்திருந்து, விடிந்ததும் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையிலிருந்து எடுத்து, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிள்ளையைப் பிடித்துக்கொள்வதுதான் கஷ்டம், குழாய் உள்ளே இருந்தது கொஞ்ச நேரம்தான். அரசுத் திட்டத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். கிருமி இல்லை என்று வந்தது. குழந்தைகளுக்குக் கிருமி குறைவாக இருப்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டோம், மற்றதோடு சேர்த்துத்தான் பார்ப்போம் என்றார் டாக்டர்.

அப்புறம் ஸ்பைரோமெட்ரி, மூச்சை ஊதவைத்து அளக்கும் பரிசோதனை. ஐந்தாறு வயதுக்குக் கீழே பிள்ளைகளை ஒழுங்காக ஊதவைப்பது சிரமமாம். மூச்சுக்குழாயை விரிக்கும் நீல பம்ப் வைத்திருப்பவர்கள் பரிசோதனைக்கு முன்னால் சில மணி நேரம் அதை எடுக்கக் கூடாது, எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கில் கிளிப் மாட்டி, அட்டைக்குழாயை உதட்டால் கவ்வச் சொன்னார்கள். திரையில் பிறந்தநாள் கேக், மேலே மெழுகுவத்திகள். அங்கிருந்த டெக்னீசியன் அக்கா, "இழு, இழு, இன்னும் இழு... ஊது! ஊது ஊது ஊது, விடாத!" என்று போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவள் முதலில் சிரித்துவிட்டாள், அடுத்து நடுவில் இருமினாள், அந்த இடத்தில் கோடு பல்லுப் பல்லாக வந்தது. மெழுகுவத்தி எல்லாம் அணைந்த பிறகுதான் கணக்கு எடுத்தார்கள். பம்போடு மாட்டும் ஸ்பேசர் என்ற குழாய் வழியாக, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்து நான்கு பஃப் கொடுத்து, 15 நிமிடம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். முதல் ஒரு நொடியில் வெளியே வரும் காற்றின் அளவு மருந்துக்குப் பிறகு 12 சதவீதத்துக்கு மேல் கூடினால், மூச்சுக்குழாய் சுருங்கி விரிகிறது என்று அர்த்தம். இவளுக்குக் கூடியது. ஆஸ்துமா.

கானாடுகாத்தானில் பங்காளிகளோடு பொதுவாக இருக்கும் வீட்டை, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குத் திறக்கும்போதெல்லாம் ஏன் இருமல் பிடிக்கிறது என்பதற்கும் விடை கிடைத்தது. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு. முற்றத்தைச் சுற்றியுள்ள வளவைக் கழுவிவிட்டாலும் இரண்டாம் கட்டு அறைகளில் ஜமக்காளமும் பழைய மெத்தையும் அப்படியே கிடக்கும். இனி தூசி தட்டும் நாளில் அவள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது, மெத்தைகளை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். மெத்தைக்குப் பங்காளிகளிடம் சம்மதம் வாங்குவது தனி வேலை.

இப்போது தினமும் ஸ்பேசர் வைத்து ஸ்டீராய்டு பம்ப், பிறகு வாய் கொப்பளிப்பு. ராத்திரி தூங்குகிறாள். பள்ளிப் பையில் நீல பம்ப் இருக்கிறது, பி.டி. சாருக்கும் சொல்லியாகிவிட்டது. சொல்லலாமா என்று அயித்தையிடம் நான் கேட்கவில்லை.